ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ப்ராஜெக்ட்

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஸ்டேஷனரி கடை வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். எந்த வகுப்புக்கு எந்த மாதம் என்ன ப்ராஜெக்ட் வரும் என்று ஆசிரியருக்கு முன்னால் அவர் சொல்லிவிடுவார். சூரியக் குடும்பத்துக்குத் தெர்மாகோல் உருண்டை, தேசத் தலைவர்களுக்கு அச்சடித்த படத்தாள், ஓரத்துக்கு ஒட்ட ஜிகினா, எல்லாம் தயாராக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு அம்மா, "நாளைக்கு ப்ராஜெக்ட் சப்மிட் பண்ணணுமாமே?" என்று பதறுவார். அப்பா வெட்டுவார், அம்மா ஒட்டுவார், அக்கா ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு எழுதுவாள். பிள்ளை தூங்கிப்போயிருக்கும்.

பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அந்த வேலையில் பிள்ளை கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? கிரகங்களின் வரிசை புத்தகத்திலேயே இருக்கிறது. விடை முன்பே தெரிந்த வேலையை யார் செய்தால் என்ன? கைவேலை என்ற அளவில் அது நல்லதுதான். அதற்கு அறிவியல் செயல்திட்டம் என்று பெயர் வைத்து மதிப்பெண் போடும்போதுதான் எனக்கு எரிச்சல் வருகிறது.

கோவைப் பக்கம் நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நிழல் பற்றிய பாடம். "உச்சி வெயில்ல நிழல் காலுக்குள்ள போயிருமுங்க சார்" என்றான் ஒருவன். "இல்லீங்க சார், நேத்து மத்தியானம் எனக்கு விழுந்துச்சு" என்றாள் ஒருத்தி. வகுப்பு இரண்டு கட்சியானது. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரு குச்சி, சாக்பீஸ், ஸ்கேல், கடிகாரம். மைதானத்துக்குப் போய் அளந்துகொண்டு வாருங்கள் என்றேன்.

அது ஜூலை மாதம். கோவையில் அந்த மாதம் மேகம் சூரியனைச் சும்மா விடாது. அளவெடுக்க முடியாத நாட்களும் நோட்டில் "மேகம்" என்றே ஏறின. ஒரு குழுவின் குச்சி சாய்ந்திருந்தது என்று சண்டை வந்து, கொத்தனார் வேலைக்குப் போகிற ஒரு அப்பாவிடமிருந்து தூக்குக்குண்டு வந்து சேர்ந்தது. கடைசியில் கிடைத்தது யாரும் எதிர்பார்க்காதது. நிழல் மிகக் குட்டையானது பன்னிரண்டு மணிக்கு அல்ல, கிட்டத்தட்டப் பன்னிரண்டரைக்கு! "ஸ்கூல் கடிகாரம் தப்புங்க சார்" என்றார்கள். செல்போனோடு சேர்த்துப் பார்த்தோம். கடிகாரம் சரியாகத்தான் ஓடியது.

இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோட்டுக்குக் கணக்கிட்டது. கோவை இருப்பது 77 டிகிரிக்குப் பக்கத்தில். டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் நம் ஊர் உச்சிப்பொழுது சுமார் 22 நிமிடம் பிந்தும். பூமியின் சாய்வும் நீள்வட்டப் பாதையும் சேர்ந்து ஜூலையில் இன்னும் சில நிமிடம் கூட்டும். பத்தாம் வகுப்பிலும் பலருக்குப் பிடிபடாத தீர்க்கக்கோடு ஆறாம் வகுப்புக்குத் தேவைப்பட்டது, அவர்களே கேட்டதால்.

இன்னொன்று. அந்த மதிய நிழல் தெற்குப் பக்கம் விழுந்தது. சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே போயிருந்தது. அதைப் பார்த்த ஒரு பிள்ளை சொன்னாள்: "எங்கூட்டு வடக்குத் திண்ணையில ஆடி மாசம் வெயில் அடிக்குமுங்க சார், தை மாசம் அடிக்காது." இத்தனை வருடம் திண்ணையில் உட்கார்ந்து பார்த்ததை அன்றைக்குத்தான் அவள் பாடத்தோடு சேர்த்துப் பார்த்தாள். எந்த சார்ட்டிலும் ஒட்ட முடியாத விஷயம் இது.

இதெல்லாம் புதுசு என்று யாரும் நினைக்க வேண்டாம். மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது. பிள்ளைகள் சோதனை செய்து, பார்த்ததை எழுதி, வகுப்பில் விவாதித்து முடிவுக்கு வருவார்கள். மனதில் எழும் கேள்விகளை சவாலிராம் என்ற கற்பனை ஆளுக்குக் கடிதமாக எழுதுவார்கள், பதிலும் வரும். எனக்கு அதில் மிக முக்கியமாகப் படுவது தேர்வு. அங்கே தேர்விலும் சோதனை செய்ய வேண்டும், எழுத்துத் தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். அரசுப் பள்ளிகளில் முப்பது ஆண்டு ஓடிய அந்தத் திட்டத்தை 2002இல் அந்த மாநில அரசே நிறுத்திவிட்டது.

நம் ஊரிலும் ஆர்வத்துக்குப் பஞ்சமில்லை. 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு, 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் உள்ளூர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆய்வு செய்து கொண்டுபோகிறார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள் இதற்காகக் கிராமம் கிராமமாக அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மாநாட்டுக்குப் போகிறவர்கள் பள்ளிக்கு நாலைந்து பேர். மற்ற பிள்ளைகளுக்கு மிஞ்சுவது சார்ட்தான்.

2012-13இல் நம் பள்ளிகளுக்கு, வருடத்தை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தபோது, பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் தேர்வு வைக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண்ணைப் பிரித்தார்கள். அந்த நாற்பதில் செயல்பாடுகளுக்கு இடம் கொடுத்தது நல்ல யோசனை, நான் அப்போது கைதட்டியவன். நடைமுறையில் என்ன ஆயிற்று? ஐந்து பாடம், மூன்று பருவம், வகுப்பில் நாற்பது பிள்ளைகள். பதிவேட்டில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்க வேண்டும். அத்தனை பேரின் கேள்வியையும் உட்கார்ந்து கேட்க எந்த ஆசிரியருக்கு நேரம்? சார்ட் என்றால் பார்த்தவுடன் மதிப்பெண் போட்டுவிடலாம், கண்காட்சி நாளில் சுவரில் மாட்டலாம், அதிகாரி வந்தால் காட்டலாம். நிழல் நோட்டை யாரும் மாட்ட மாட்டார்கள். பாதிப் பக்கம் "மேகம்" என்று இருக்கும்.

"பாடம் முடிக்கணுமே சார்" என்று சக ஆசிரியர்கள் சொல்வதைச் சாக்கு என்று நான் தள்ளமாட்டேன். நிழல் வேலை நிறையப் பீரியடுகளைத் தின்றது. அதனால் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்கிறேன். பாடத்துக்கு ஒன்று, பருவத்துக்கு ஒன்று வேண்டாம். வருடத்துக்கு ஒன்று போதும், ஆனால் அது வகுப்புக்குள்ளேயே, பள்ளி நேரத்திலேயே நடக்கட்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் பணம் உள்ள வீட்டுப் பிள்ளையின் தெர்மாகோல்தான் ஜெயிக்கும். மதிப்பெண் பதிவேட்டில், "மாணவர் கேட்ட கேள்வி" என்றும் "எதிர்பார்த்தபடி வராதது" என்றும் இரண்டு கட்டம் சேர்க்கட்டும். இரண்டாவது காலியாக இருந்தால் அந்த வேலையை யார் செய்தார்கள் என்று ஆசிரியர் விசாரிக்கலாம்.

உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேலே நின்று, நட்ட குச்சிக்கு நிழலே விழாத நாளை நிழலில்லா நாள் என்பார்கள். கோவை வட்டாரத்தில் அது வருடத்துக்கு இரண்டு முறை வரும். ஏப்ரலில் வருவது தேர்வு நேரத்தில் போய்விடும். ஆகஸ்டில் வருவது 23, 24 தேதி வாக்கில், பள்ளி நடக்கிற காலம். மற்ற ஊர்க்காரர்களுக்குத் தேதி கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், அதையும் பிள்ளைகளே குச்சி நட்டுக் கண்டுபிடிக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற பெற்றோர்கள் அடுத்த கூட்டத்தில் இதற்காக இரண்டு வாரம் மதிய பீரியட் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.