பிரதர் லீவுக்கு வந்திருக்கிறார்

அந்தப் போட்டோவைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். எந்தப் போட்டோ என்று நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கோயில் பங்கு குரூப்பில் வந்து, பக்கத்து வீடுகள் சேர்ந்து செபம் சொல்கிற அன்பியம் குரூப்புக்குப் போய், அங்கிருந்து துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிற நம்ம பயல்கள் வரைக்கும் சுற்றிவிட்டு, நேற்று காலையில் என் மச்சான் மூலமாக எனக்கே வந்து சேர்ந்தது. கீழே அதே வரி. "இவர்தான் நாளைக்கு நமக்குப் பாவசங்கீர்த்தனம் கேக்கப் போறாராம்." குருவிடம் போய்ப் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறோமே, அதுதான் பாவசங்கீர்த்தனம். பக்கத்தில் நாலு சிரிப்புப் பொம்மை.

சரி, எழுதியே விடுகிறேன்.

படத்தில் அப்படி என்ன இருக்கிறது? வலைக் கொட்டகை. நம்ம பிரதர், அதாவது சாமியாராவதற்குக் குருமடத்தில் படிக்கிற நம்ம ஊர்ப் பையன், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நிறம் போன ஜெர்சி ஒன்றைப் போட்டுக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறார். சுற்றி அவர் கூடப் படித்த பயல்கள். அதில் ஒருத்தன் கையில் சிகரெட். அவ்வளவுதான், குற்றப்பத்திரிகை முடிந்தது.

அவர் லீவுக்கு வந்திருக்கிறார். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். குருமடத்தில் விடியற்காலை மணி அடித்தால் எழும்ப வேண்டும். தியானம், காலைச் செபம், பூசை, வகுப்பு, தோட்டவேலை, படிப்பு. இரவுச் செபம் முடிந்தால் மறுநாள் காலை வரை பேச்சு கிடையாது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவனுக்குக் காய்ச்சல் என்றாலும் சைகைதான். இப்படிப் பத்து மாதம் இருந்துவிட்டு வருகிற பையன் சத்தம் போட்டுச் சிரிக்கிறான். அது உங்களுக்குத் தப்பாகத் தெரிகிறது.

அந்தப் பயல்கள் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்கள். மற்ற நாட்களில் விடியுமுன் போனால் ராத்திரிதான் கரை. அவர்களை ஆற அமரப் பார்க்க முடிகிற ஒரே காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்குமான இந்த 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இவருடைய மே மாத லீவும் அவர்களுடைய தடைக்காலமும் ஒன்றாக விழுகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை. வேறு எப்போது போய் உட்கார்வது, கிறிஸ்துமஸ் சப்பரத்துக்குப் பின்னாலா?

"பழகட்டும், ஆனா ஒரு வரைமுறை வேணும்லா" என்கிறார் ஒரு அண்ணன். மரியாதைக்குரியவர்தான். அந்த வரைமுறையை யார் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 258-ஆவது சட்டம், குருமட மாணவர்கள் மேய்ப்புப் பணியைக் கைப்பழக்கமாகக் கற்றுக்கொள்ள வேண்டும், குறிப்பாக விடுமுறைக் காலத்தில், என்று சொல்கிறது. விடுமுறை என்று அந்தச் சட்டமே சொல்கிறது அண்ணே. 2016-இல் வத்திக்கான் வெளியிட்ட குருத்துவப் பயிற்சி நெறிமுறையும் மனித உருவாக்கம், ஆன்மிக உருவாக்கம், அறிவு உருவாக்கம், பணி உருவாக்கம் என்று நாலாகப் பிரித்துத்தான் பேசுகிறது. இதில் மனித உருவாக்கம் என்பது புத்தகத்தில் நடக்குமா, வலைக் கொட்டகையில் நடக்குமா? இரண்டாம் அருள் சின்னப்பர் பாப்பரசர் இளங்குருவாக இருந்தபோது போலந்தில் மாணவ மாணவிகளோடு துடுப்புப் படகு எடுத்துக்கொண்டு முகாம் போனவர். அங்கி போடாமல், சாதா உடுப்பில். நல்லவேளை, அப்போது நம்ம ஊர் குரூப் இல்லை.

சட்டம் பேசினால் அவர்கள் வேறு சட்டம் பேசுவார்கள், தெரியும். அதே தொகுப்பில் 277-ஆவது சட்டத்தை எடுத்து, கற்பு நெறிக்கு இடறலானவர்களோடு பழகுவதில் விவேகம் வேண்டும் என்பார்கள். அது குருக்களுக்குச் சொன்னது என்றாலும் நியாயம்தான், மறுக்கவில்லை. திருச்சபையில் நடந்த அசிங்கங்கள் எல்லாருக்கும் தெரியும், கண்காணிப்பு வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் கண்காணிப்பு என்பது மாடியில் நின்று போனைப் பெரிதாக்கிப் படம் பிடிப்பதா? சந்தேகம் இருந்தால் கொட்டகைக்கு இறங்கி வந்து, "என்ன பிரதர், சௌக்கியமா" என்று கேட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டுப் போயிருக்கலாமே. இறங்கி வர எட்டுப் படிதான்.

இன்னொரு குரல் பதிவில், "பாடகர் குழுப் பிள்ளைகளோடயும் சிரிச்சிச் சிரிச்சிப் பேசுறாரு" என்று ஒருத்தர். எங்கே? விடுமுறை விவிலியப் பள்ளியில். நூறு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வேகாத வெயிலில், பத்து நாள் செய்கை பாட்டு சொல்லிக்கொடுத்தது அந்தப் பிள்ளைகளும் இவரும்தான். குரல் பதிவு போட்டவர் பத்து நாளில் ஒரு நாள் கோயில் முற்றத்துக்கு வந்தாரா? வரவில்லை. வந்தது ஒரு நாள் மட்டும், நிறைவு நாளில், பிரியாணிக்கு.

முதல் தடவை நற்கருணை வாங்கப் போகிற பிள்ளைகளுக்குப் புதுநன்மை வகுப்பு எடுத்தார், அதற்குப் போட்டோ இல்லை. மே மாதம் முழுக்க வீடு வீடாகச் செபமாலைக்கு நடந்தார், அதற்கும் இல்லை. கட்டிலில் கிடக்கிற கிழவி ஒருத்திக்குத் தினமும் சாயங்காலம் போய் வாசகம் வாசித்துக் காட்டினார். அவளுக்குக் காது கேட்காது. அதற்குத்தான் தொண்டை கட்டிப்போய்க் கிடந்தார்.

இப்போது சிலர் சொல்லப்போவது எனக்குத் தெரியும். "நீ பாதியில ஓடி வந்தவன், அதான் வக்காலத்து." ஆமாம். 1996-இல் குருமடத்துக்குப் போய் 2003-இல் வெளியே வந்தேன். ஏழு வருஷம். நான் எங்கேயும் ஓடவில்லை, பஸ்ஸில்தான் வந்தேன். இருந்தாலும் நம்ம ஊரில் அதற்கு ஒரே வார்த்தைதான்.

கேட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். லீவு முடிந்து போகும்போது பங்குத்தந்தை குருமடத் தலைவரான ரெக்டருக்கு ஒரு கடிதம் கொடுப்பார். பையன் லீவில் எப்படி இருந்தான் என்று. அதை நாமேதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். 2001 மே கடைசி. பழுப்புக் கவர், பசை போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் பங்கு முத்திரை. பஸ்ஸில் ஜன்னலோர சீட். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. மடியில் வைத்தால் வியர்வை படும் என்று செபப் புத்தகத்துக்குள் வைத்துப் பத்திரமாகக் கொண்டுபோனேன். ரெக்டர் எனக்கு முன்னாலேயே பிரித்து வாசித்தார். பூசைக்கு ஒழுங்காக வந்தார். கோயில் வேலைகளில் உதவினார். தகாத நண்பர்களுடன் சினிமாக் கொட்டகையில் காணப்பட்டார்.

மூன்று வரி. மூன்றாவது வரிக்காக இரண்டு மணி நேரம் நின்றேன்.

அந்தத் தகாத நண்பன் மூன்றாம் வகுப்பில் இருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவன். அடுத்த லீவில் அவன் வீட்டுப் பக்கமே போகவில்லை. அவன் வாசலில் வந்து கூப்பிட்டபோது அம்மாவை விட்டு, "படிக்கான்" என்று சொல்லச் சொன்னேன். நான் உள்ளே சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவன் கல்யாணத்துக்கும் போகவில்லை. அந்த வருஷம் பங்குத்தந்தை கொடுத்த கடிதம் ரொம்ப நல்ல கடிதம். ரெக்டர் பாராட்டினார்.

அதனால்தான் வெளியே வந்தேன் என்று சொல்ல மாட்டேன். வேறு காரணங்களும் இருந்தன, அதெல்லாம் இங்கே வேண்டாம். ஆனால் டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கின அன்றைக்கு, ஊரே ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தது. டிவிஎஸ் 50 எடுத்துக்கொண்டு வந்து நின்றவன் அவன் ஒருத்தன்தான். "ஏறு மக்கா" என்றான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இன்று வரைக்கும் கேட்கவில்லை. இந்தப் போட்டோவில் சிகரெட்டோடு இருக்கிறானே, அவனுடைய மூத்த மகன்தான் அது. சிகரெட் குடிப்பது தப்புதான், நானும் திட்டியிருக்கிறேன்.

"உனக்கு நடந்ததுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். ஒருவேளை இல்லாமல் இருக்கலாம். இப்போதைய பங்குச் சாமி நல்லவர், போட்டோவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் "ரெக்டருக்கும் அனுப்பியாச்சு" என்று ஒரு மகராசன் குரூப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்காவது கவரை ஒட்டி முத்திரை போட்டார்கள். இன்றைக்கு ஊர் மொத்தமும் வாசித்த பிறகுதான் ரெக்டருக்கே போகிறது.

நேற்றிலிருந்து அவர் கொட்டகைக்கு வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். அங்கி போட்டுக்கொண்டு வாசல் நாற்காலியில், கையில் புத்தகத்தோடு இருந்தார். "கொஞ்சம் படிக்க வேண்டியது இருக்குண்ணே" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டேன். உங்களுக்குச் சந்தோஷம்தானே?

கடைசியாக ஒன்று. அந்தப் படத்தை எடுத்தவர் யார் என்று நான் கேட்கவில்லை, தெரியவும் வேண்டாம். ஆனால் அது வெட்டின படம். இடது பக்கம் ஓரத்தில் பாருங்கள், ஒரு முழங்கை மட்டும் தெரியும். அது அவருடைய அப்பா. இரண்டு பேரும் ஒரே வலையில் ஆளுக்கொரு பக்கமாகப் பீத்தல் அடைத்துக்கொண்டு இருந்தார்கள். பிரதர் கையில் இருந்த வலை ஊசியும் வெட்டோடு போய்விட்டது. வெட்டாத முழுப் படம் உங்கள் போனில் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். அவர் அப்பா கேட்கிறார். பையன் குருமடத்துக்குப் போனதில் இருந்து வீட்டில் இருக்கிற படம் எல்லாம் அங்கியோடுதானாம்.