நைல் குரூஸ்: எத்தனை இரவு என்பதை விடுங்கள், கப்பல் எப்போது ஓடும் என்று கேளுங்கள்

எகிப்து டூர் விளம்பரங்களில் ‘லக்சர் - அஸ்வான், 4 இரவு நைல் குரூஸ்’ என்று போட்டிருப்பார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறுகிற நாள் கப்பல் லக்சர் கரையிலேயே கட்டிக் கிடக்கும். கர்னாக் கோயிலுக்கு வேனில்தான் போவீர்கள். இரண்டாம் நாள் காலை மன்னர்களின் பள்ளத்தாக்கைப் பார்த்து முடித்த பிறகுதான் பெரும்பாலும் கிளம்பும். மூன்றாம் நாள் இரவே அஸ்வான் வந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் அங்கே மறுபடி கட்டுத்தறிதான். ஆக, ஆற்றில் ஓடுவது ஒன்றரை நாள். அதிலும் ஒரு பகுதி இருட்டில். 3 இரவுத் திட்டம் அஸ்வானில் தொடங்கி வடக்கே வரும். அதிலும் இதே கதைதான்.

கோயில்களுக்காகப் போகிறவர்களுக்கு இது வசதி. தினமும் பெட்டி கட்ட வேண்டாம், அறையே உங்களோடு ஊர் மாறும். ஆற்றுக்காகப் போகிறவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள்.

அறை எடுக்கும்போது ‘நைல் வியூ’ என்ற சொல்லை நம்பாதீர்கள். படித்துறையில் இடம் போதாமல் நாலைந்து கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவார்கள். திரையை விலக்கினால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துக் கப்பல்காரரின் ஜன்னல். கரைக்குப் போக அடுத்த கப்பல்களின் வரவேற்பறை வழியாகவே நடக்க வேண்டும். கரையில் நிற்கும்போதும் ஜெனரேட்டர் ஓடும், புகை உள்ளே வரும். கீழ்த்தளத்தில் ஜன்னல் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலேதான். பின்பக்கம் இன்ஜின் இரைச்சல். மொட்டைமாடிக்கு நேர் கீழே என்றால் தலைக்கு மேல் நாற்காலி இழுக்கும் சத்தம். நடுத்தளத்தில், முன்பக்கமாகக் கேளுங்கள். தெற்கே அஸ்வானை நோக்கிப் போகும்போது சூரியன் மறைவது வலப்பக்கம்.

வழியில் தாமதமாகும் இடம் எஸ்னா. அங்கே தடுப்பணைக்கு மேலும் கீழும் நீர்மட்டம் வேறு. கப்பலை ‘லாக்’ எனும் தொட்டிக்குள் விட்டு, கதவை மூடி, நீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த பக்கம் விடுவார்கள். வரிசை நீண்டால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தத் தாமதம் எட்ஃபு கோயிலுக்கான நேரத்தைத் தின்னும். பராமரிப்புக்காக லாக்கை மூடும் நாட்களும் உண்டு, அப்போது பஸ்தான். பயணத் தேதியைச் சொல்லி இதை முன்கூட்டியே கேளுங்கள். ஜனவரி வாக்கில் இன்னொரு சிக்கல்: பாசனக் கால்வாய் பராமரிப்புக்காக நீர்திறப்பைக் குறைப்பார்கள், கப்பல் மணல்திட்டில் தட்டக்கூடும். அதே எஸ்னாவில் சிறு படகுகளில் வருகிற வியாபாரிகள் பிளாஸ்டிக் பையில் துணியைச் சுற்றி மேல்தளத்துக்கு வீசுவார்கள். பேரம் படிந்தால் பணத்தைப் பையில் போட்டு வீசுங்கள், படியாவிட்டால் துணியை வீசுங்கள். வேடிக்கைக்காகப் பிரித்துப் பார்த்தால் பேரத்தில் இறங்கியதாகத்தான் அர்த்தம்.

எட்ஃபு படித்துறையில் இறங்கியதும் குதிரைவண்டிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். பல குதிரைகளின் நிலை பார்க்கச் சகிக்காது. ஆட்டோ போதும். அதுவும் பெரும்பாலும் நம்மூர் பஜாஜ்தான்! ஏறும் முன்பே போக வர வாடகை பேசி, திரும்பி வந்த பிறகு கொடுங்கள்.

ஆறுதான் வேண்டும் என்பவர்கள் டஹபியாவைப் பாருங்கள். இரண்டு பாய் விரித்த படகு, பத்திருபது பேர், எஸ்னாவிலிருந்து அஸ்வான் வரை. லாக் தொல்லை கிடையாது. கோயில்களுக்குக் கல் வெட்டிய கெபெல் எல்-சில்சிலா பாறைகளில், பெரிய கப்பல்கள் நிற்காமல் கடந்துபோகிற இடத்தில், இது நிற்கும். நைல் வடக்கே ஓடுகிறது, காற்றோ வடக்கிலிருந்து வீசுகிறது. அதனால் பாய் விரித்தாலே நீரோட்டத்தை எதிர்த்துத் தெற்கே போகலாம். பழைய எகிப்தியரின் சித்திர எழுத்தில் ‘தெற்கே போதல்’ என்பதற்குப் பாய் விரித்த படகு, ‘வடக்கே போதல்’ என்பதற்குப் பாய் இல்லாத படகு. காற்று நின்றால் இழுவைப் படகு வந்து இழுக்கும். அந்தச் செலவு கட்டணத்தில் சேர்த்தியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் பெரிய கப்பலைவிடக் கூடுதல்தான்.

அபு சிம்பெல் கோயில் இந்த லக்சர் - அஸ்வான் குரூஸ் பாதையில் வராது, அது அஸ்வான் அணைக்கு அப்பால். அஸ்வானிலிருந்து சாலையில் சுமார் 280 கி.மீ., விடிகாலை 4 மணிக்கெல்லாம் வண்டி ஏற வேண்டும். கப்பலில் காலைச் சாப்பாட்டைப் பொட்டலமாகத் தருவார்கள். முந்தின இரவே வரவேற்பறையில் சொல்லி வைத்துவிடுங்கள்.