அவரும் ராணுவ அதிகாரிதான்

காரைக்குடியைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் ராணுவத்தில் இருந்து வந்தவர் ஒருவராவது இருப்பார். கல்லல், தேவகோட்டை, புதுவயல் எங்கும் அப்படித்தான். ஆகஸ்ட் 15-க்கும் டிசம்பர் 7 கொடிநாளுக்கும் அவர்களை அழைத்துச் சால்வை போர்த்துகிறோம். நல்ல வழக்கம், தொடர வேண்டும். ராணுவத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற பெண்களுக்கும் அந்த மேடையில் நாற்காலி போட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

என் பெரியம்மா ராணுவ நர்ஸ். புனேயில் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் நர்சிங் படித்தவர். லெப்டினன்டாகச் சேர்ந்து லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார். எங்கள் பக்கத்து விழா ஒன்றில் முன்னாள் படைவீரர்கள் எல்லாம் மேடையில் இருந்தார்கள், இவர் கீழே பெண்கள் வரிசையில் இருந்தார். வெயிலில் ஒரு பெரியவருக்குத் தலை சுற்றியபோதுதான் பெரியம்மாவைத் தேடினார்கள். எல்லாம் முடிந்த பிறகு, ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் மேடையை விட்டு இறங்கி வந்து அவர் முன்னால் விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். இவர் தன்னைவிட மேல் பதவியில் இருந்த அதிகாரி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

தெரியாததற்குக் காரணமும் இருக்கிறது. ராணுவ நர்ஸ் என்றால் மருத்துவமனை ஊழியர் என்றே பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. தோளில் நட்சத்திரம் வைத்த அதிகாரி அவர். 1888-இல் பத்து பிரிட்டிஷ் நர்ஸ்கள் பம்பாயில் வந்து இறங்கியதில் இருந்து தொடங்கும் வரலாறு இது. 1926 அக்டோபர் 1-இல் ராணுவ நர்சிங் சேவை நிரந்தரமான படைப்பிரிவாக ஆனது. இன்றுவரை அந்த நாளைத்தான் உதய நாளாகக் கொண்டாடுகிறார்கள். இந்திய ராணுவத்தில் மேஜர் ஜெனரல் ஆன முதல் பெண் யார் என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வோம்? 1976-இல் அந்தப் பதவிக்கு வந்த கெர்ட்ரூட் அலிஸ் ராம். அவர் ஒரு நர்ஸ். பெண்கள் போர் விமானம் ஓட்டுவதைப் பற்றி நாம் பேசத் தொடங்குவதற்குப் பல காலம் முன்பே அது நடந்துவிட்டது.

பெரியம்மா அதிகம் பேச மாட்டார். கேட்டால் மட்டும் சொல்வார். ஸ்ரீநகரில் 92 பேஸ் ஆஸ்பத்திரியில் இருந்தபோது சியாச்சினில் இருந்து இறக்கப்பட்ட பையன்களைப் பற்றி ஒருமுறை சொன்னார். பனியில் விரல் விறைத்து வரும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைக்க வேண்டும். கை பொறுக்கும் சூடுதான், அதற்கு மேல் போனால் ஆபத்து, தேய்க்கவும் கூடாது. ரத்தம் திரும்ப ஓடத் தொடங்கும்போது வரும் வலியில் இருபது வயதுப் பையன் அம்மா என்று கத்துவான். அப்புறம் கொப்புளம், அப்புறம் விரல் நுனி கருக்கும். "கருத்ததும் வெட்டிற மாட்டாங்க ஆத்தா. உசிரு எதுவரைக்கும் இருக்குன்னு ஒரு கோடு விழணும். அதுக்கு வாரக்கணக்கா, சில சமயம் மாசக்கணக்காக் காத்திருக்கணும்" என்றார். அந்த மாதங்கள் முழுக்க தினமும் கட்டுப் பிரித்து, ஒவ்வொரு விரலுக்கும் இடையில் பஞ்சு வைத்து, புண்ணில் சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள்வது நர்ஸ்தான். "விரல் தேறிடுமா சிஸ்டர்?" என்று தினமும் கேட்பவனுக்குப் பொய்யும் சொல்லாமல் மனதையும் உடைக்காமல் பதில் சொல்வதும் அவர்தான். வீட்டுக்குக் கடிதம் எழுதக் கை இல்லாதவனுக்கு இன்லண்ட் லெட்டர் எழுதித் தருவதும் அவர்தான். கையில் கட்டுப் போட்டிருப்பதைப் பற்றி எழுத வேண்டாம் என்று பையன்கள் கேட்டுக்கொள்வார்களாம்.

கார்கில் போரில், 1999-இல், நம் பக்கம் 527 பேர் உயிரிழந்தார்கள். அந்த எண் பலருக்கு நினைவிருக்கும். காயம்பட்டவர்கள் ஆயிரத்து முந்நூறுக்கும் மேல். இறந்தவர்களுக்குத் தூண் எழுப்பினோம், அது நம் கடமை. காயம்பட்ட அத்தனை பேரும் யாரோ ஒருவர் கைகளில் பிழைத்து எழுந்தார்கள் என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டோம்.

போர் முடிந்த பிறகும் நர்ஸுக்கு வேலை முடிவதில்லை. புனே பக்கத்தில் கட்கி ராணுவ மருத்துவமனையில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களின் வார்டில் பெரியம்மா சில காலம் இருந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வால் எலும்பு, குதிகால், இடுப்பு மூட்டு, இந்த இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். ஒரு ராத்திரி அசந்தால் படுக்கைப் புண். அது எலும்புவரை போனால் உயிரையே எடுத்துவிடும். எல்லையில் குண்டுக்குத் தப்பியவன் படுக்கைப் புண்ணில் சாகக் கூடாது என்பதற்காக ராத்திரி பகலாக நடக்கும் வேலை இது. இதற்குப் பதக்கம் யாரும் தருவதில்லை. 1965 போரில் உடம்பெல்லாம் குண்டு பாய்ந்து விழுந்த முரளிகாந்த் பேட்கர் 1972-இல் ஹைடெல்பர்க் பாராலிம்பிக்கில் நீந்தித் தங்கம் வென்றார். இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பாராலிம்பிக் தங்கம் அதுதான். அவரைத் தண்ணீரில் இறங்கும் நிலைக்குக் கொண்டுவந்த வார்டுகளில் எத்தனை நர்ஸ்கள் இருந்திருப்பார்கள்? ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

பெரியம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி ஊரில் பேசாத வாய் இல்லை. பேசியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். ராணுவ நர்ஸ் கல்யாணம் செய்துகொண்டால் அதையே காரணமாக வைத்து வேலையை விட்டு அனுப்பலாம் என்று 1977-இல் வந்த விதி ஒன்று 1995 வரை இருந்தது. ஆண் அதிகாரிகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அந்த விதிப்படி 1988-இல் வெளியேற்றப்பட்ட ஒரு நர்சிங் அதிகாரிக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது அந்த நியாயம் கிடைக்க. பெரியம்மாவின் வயதுப் பெண்கள் கல்யாணமா, சேவையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. தேர்ந்தெடுத்தவரை நாம் பரிதாபமாகப் பார்த்தோம். மரியாதையாகப் பார்த்திருக்க வேண்டும்.

சம்பளத்திலும் பாகுபாடு இருக்கிறது. ஏழாவது ஊதியக் குழு, லெப்டினன்ட் முதல் பிரிகேடியர் வரை உள்ள அதிகாரிகளுக்கு ராணுவ சேவை ஊதியமாக மாதம் 15,500 ரூபாய் வைத்தது. நர்சிங் அதிகாரிகளுக்கு 10,800. படைவாழ்க்கையின் கஷ்டத்துக்காகத் தரப்படும் தொகை அது. அதே ஸ்ரீநகர், அதே குளிர், அதே இடமாற்றம், அதே தனிமை. நர்ஸுக்கு மட்டும் கஷ்டம் எப்படிக் குறையும்? எந்த விளக்கம் சொன்னாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, ஓய்வு பெற்றுவிட்டாரே, இப்போது என்ன செய்கிறார்? காலையில் அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்து பாருங்கள். பழைய சிப்பாய்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை. பாதத்தைத் தூக்கித் தன் முட்டியில் வைத்துக்கொண்டு விரல் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்ப்பார். காலில் உணர்வு குறைந்தவருக்கு முள் குத்தினாலும் தெரியாது, புண் முற்றிய பிறகுதான் தெரியும். சிறு புண்ணைப் பார்த்துவிட்டால் அன்றே ஈசிஎச்எஸ் கார்டை, அதாவது முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்ட அட்டையை, எடுத்துக்கொண்டு கிளம்பு என்று அதட்டி அனுப்புவார். நவம்பர் வந்தால் விதவைகள் கூட்டம். பென்ஷனுக்கு உயிர்ச் சான்று கொடுக்க வேண்டும். கணவரின் பார்ட் டூ ஆர்டரில், அதாவது குடும்ப விவரம் பதிந்த ராணுவ ஆவணத்தில், பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருக்கும். அந்தச் சிக்கலில் பென்ஷன் நின்றுபோன பாட்டிகளை உட்கார வைத்து, ஸ்பர்ஷ் என்ற ராணுவ பென்ஷன் இணையதளத்தில் ஏற்ற வேண்டிய காகிதங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கொடுப்பார். யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. அன்போடு கொண்டுவந்து வைக்கும் முருங்கைக்காயை மட்டும் மறுக்க மாட்டார்.

அதனால் ஊர்ச் சங்கங்களில், பள்ளிகளில் விழா நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊரில் ராணுவத்தில் நர்ஸாக இருந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் அவரைக் கொடியேற்றக் கூப்பிடுங்கள். அழைப்பிதழில் பெயருக்கு முன்னால் பதவியைப் போடுங்கள், மேஜர் என்றோ கர்னல் என்றோ.

பெண் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கும் ஒரு செய்தி. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்த பெண்கள் நீட் மதிப்பெண் வழியாக ராணுவ நர்சிங் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம். புனே, பெங்களூரு, டெல்லி, கொல்கத்தா, லக்னோ, மும்பை ஆகிய ஊர்களில் கல்லூரிகள் இருக்கின்றன. நான்கு வருஷப் படிப்பு, முடித்தால் லெப்டினன்ட். படிப்பு முடித்துச் சில வருஷம் பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும், அதைப் பொறுமையாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், பெரியம்மாவிடம் கேட்டுப் பதில் போடுகிறேன்.