ரூவானில் ஒற்றை ஆளுக்கு நாற்காலி இல்லை

பிரான்சின் ரூவான் நகரத்தில் மழை பெய்வதைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அந்த ஊருக்கு ‘நார்மாண்டியின் மூத்திரச் சட்டி’ என்று பட்டம் சூட்டியவர்கள் என்னைப் போன்ற வெளிநாட்டார் அல்லர், பிரெஞ்சுக்காரர்களே. ஆகவே ஏப்ரலில் அங்கே போகிறவர் நனையத் தயாராகத்தான் போக வேண்டும் என்பது எனக்கும் தெரியும், நானும் குடையோடும் மழைக்கோட்டோடும்தான் போனேன். என் ஆத்திரம் வேறு. நூற்றாண்டுக் கணக்கில் நனைந்துகொண்டே இருக்கும் ஓர் ஊர், தன் விருந்தோம்பலில் பெரும்பகுதியைத் திறந்த வானத்தின் கீழ் விரித்து வைத்துவிட்டு, கூரைக்கடியில் மிஞ்சியிருக்கும் சொற்ப இடத்தையும் இருவர் இருவராக வருகிறவர்களுக்கென்று ஒதுக்கிவிட்டால், தனியாக வந்தவர் எங்கேதான் போய் உட்காருவது?

இந்த அலட்சியம் அறை பிடிக்கும்போதே தொடங்கிவிடுகிறது. விடுதி முன்பதிவுத் தளங்கள் ‘பெரியவர்கள் 2’ என்று தாமாகவே நிரப்பிக் கொடுக்கின்றன. அதை 1 என்று திருத்தினால் எண்தான் மாறுகிறதே தவிர விலை பெரும்பாலும் அசைவதில்லை. ஒருவர் படுத்தாலும் இருவர் படுத்தாலும் அறை ஒன்றுதான், விரிப்பைத் துவைக்கும் கூலி ஒன்றுதான் என்று அவர்கள் சொல்லக்கூடும், அதைக்கூட ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சுற்றுலா வரியை மட்டும் ஓர் இரவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு பிசகாமல் கணக்கிட்டு வாங்கிவிடுகிறார்கள். ஆக, ஒரு தலையை ஒரு தலையாக எண்ண அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

பாரிஸின் சான் லசார் நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேர ரயில் பயணத்துக்குப் பிறகு ஊருக்குள் இறங்கினால், முதலில் கண்ணில் படுபவை காபிக்கடைகளின் வெளிமுற்றங்கள்தான். 1431 மே 30 அன்று ஜோன் ஆஃப் ஆர்க்கை உயிரோடு எரித்த பழைய சந்தைச் சதுக்கத்தைச் சுற்றிலும் இன்று உணவகங்களின் நாற்காலிகள் வரிசைகட்டி நிற்கின்றன. வெயில் அடிக்கும் நாளில் அவற்றில் உட்கார்ந்திருப்பது சுகமாகத்தான் இருக்கும். மழை வந்துவிட்டாலோ, அத்தனை நாற்காலிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சங்கிலி போட்டுக் கட்டிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் பத்துப் பன்னிரண்டு மேசைகளுக்கு ஊரே முட்டி மோதுகிறது. துணிக்கூரை போட்ட முற்றங்களும் சில உண்டு. முழுவதும் அடைக்கப்படாத முற்றங்களில் சூடேற்றிகள் எரியக் கூடாது என்று 2022 மார்ச் 31 முதல் சட்டம் வந்திருக்கிறது. தெருவைச் சூடாக்குவதற்காக எரிவாயுவையும் மின்சாரத்தையும் வீணாக்கக் கூடாது என்பது அதன் காரணம், அது நியாயமும்கூட. ஆனால் உணவகங்களுக்குள் புகைபிடிக்க 2008-இல் தடை வந்ததிலிருந்து புகைப்பவர்கள் அனைவரும் குடியேறியிருப்பது இந்த முற்றங்களில்தான். 2025 ஜூலையில் பூங்கா, கடற்கரை, பேருந்து நிறுத்தம் என்று ஒவ்வோர் இடமாகச் சிகரெட்டைத் துரத்தியபோதும் காபிக்கடை முற்றத்தை மட்டும் அரசு தொடவில்லை. ஆகவே, எட்டு டிகிரிக் குளிரில், மூன்று பக்கமும் சாரல் அடிக்க, அடுத்த மேசைக்காரர் ஊதும் புகையை உள்ளிழுத்தபடி, இரண்டே மிடறில் தீர்ந்துவிடும் காபியை எவ்வளவு நேரம் இழுக்க முடியுமோ அவ்வளவு நேரம் இழுத்துக்கொண்டிருப்பதற்குத்தான் அங்கே இளைப்பாறுதல் என்று பெயர்.

சாப்பாட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு வயிறு எரிந்தது அங்கேதான். நண்பகலில் பற்றவைக்கும் அடுப்பை இரண்டு மணிக்கு அணைத்துவிடுவார்கள், பிறகு இரவு ஏழு மணிக்குத்தான் மறுபடியும் எரியும் என்பது பெரும்பாலான உணவகங்களின் வழக்கம். அதை அறிந்தே ஒன்றரை மணிக்குள் ஓர் உணவகத்தின் கதவைத் தள்ளினேன். பெயர் எதற்கு, அப்படிப்பட்ட இடங்கள் நிறைய இருக்கின்றன. பணியாளர் முதலில் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்குப் பின்னால் கதவைப் பார்த்தார், இரண்டாவது ஆள் குடையை மடக்கிக்கொண்டு வருகிறாரா என்று. யாரும் வரவில்லை என்பது உறுதியான பிறகே, “ஒருவர்தானா, மதாம்?” என்று கேட்டார். சன்னலோரம் இரண்டு மேசைகள் விரிப்பு கலையாமல் காலியாக இருந்தன. எனக்குக் காட்டப்பட்டதோ, கழிவறைக் கதவுக்கும் கோட்டு மாட்டும் கம்பத்துக்கும் நடுவே செருகப்பட்டிருந்த ஒரு மேசை. அதன் எதிர்ப்புறம் இருந்த தட்டு, முள்கரண்டி, கத்தி, குவளை ஆகியவற்றை அவர் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் எடுத்துக்கொண்டு போன விதத்தைப் பார்த்த பக்கத்து மேசைத் தம்பதியர், எனக்கு ஏதோ துக்கம் நேர்ந்துவிட்டதைப் போல் கனிவோடு புன்னகைத்தார்கள். கம்பத்தில் தொங்கிய அயலார் கோட்டுகளிலிருந்து மழைநீர் என் ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் பணம் கட்டிவிட்டு எழுந்திருக்கும் வரையில் அந்தச் சன்னலோர மேசைகளுக்கு யாரும் வரவில்லை.

உணவுப் பட்டியலும் இதே பாட்டைத்தான் பாடுகிறது. ரூவானின் பெயரையே தாங்கி நிற்கும் உணவு, வாத்தின் எலும்புக்கூட்டைத் திருகுபொறியில் வைத்து நசுக்கி, வடிகிற சாற்றைக் கொண்டே குழம்பு கூட்டிப் பரிமாறும் ரூவான் வாத்து. முழு வாத்தைக் கொண்டு செய்வதால் அது பெரும்பாலும் ‘இருவருக்கு’ என்ற குறிப்போடுதான் பட்டியலில் ஏறுகிறது. எலும்போடு வாட்டிய பெரிய மாட்டிறைச்சித் துண்டம் என்றாலும் ‘இருவருக்கு’ என்றே போட்டிருக்கிறார்கள். ஓர் ஊருக்குப் போய் அந்த ஊர்ப் பெயர் கொண்ட உணவை உண்பதற்குக் கல்யாணம் செய்துகொண்டுதான் போக வேண்டும் போலிருக்கிறது.

எங்கேயும் உட்கார வேண்டாம், தெருத்தெருவாக நடந்து திரியலாமே என்று கேட்பீர்கள். நடந்தேன். ரூவானில் ஏறக்குறைய 2000 மரச்சட்ட வீடுகள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பழையவற்றின் மேல்தளம் கீழ்த்தளத்தைத் தாண்டித் தெருவின்மேல் துருத்திக்கொண்டு நிற்பதால், அடியில் ஓர் ஆள் சுவரோடு ஒட்டி ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் அப்படித் துருத்திக் கட்டக் கூடாது என்று 1520-ஆம் ஆண்டிலேயே நகரத்தில் தடை விதித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எழுந்த வீடுகளெல்லாம் விறைப்பாக நேராக நிற்கின்றன, மழை நேராக நம் தலையில் இறங்குகிறது. அதைவிடக் கோபமூட்டியது சென் மக்லூ தேவாலயத்தின் பழைய இடுகாட்டு முற்றம். 1348-இல் வந்த கொள்ளைநோயில் மாண்டவர்களைப் புதைத்த இடம் அது. பின்னர் இடம் போதாமல் போகவே, தோண்டியெடுத்த எலும்புகளைப் போட்டு வைப்பதற்காகப் பதினாறாம் நூற்றாண்டில் முற்றத்தைச் சுற்றிலும் பரண் வைத்த கட்டடங்களை எழுப்பினார்கள். கருத்துப்போன அந்த மர உத்தரங்களில் மண்டையோடு, குறுக்கிட்ட எலும்புகள், குழிவெட்டும் மண்வெட்டி என்று வரிசையாகச் செதுக்கியிருப்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த மரவேலை அவ்வளவு அழகு. நான் முற்றத்தின் நடுவில் நனைந்துகொண்டு பார்த்தேன். எலும்புகளுக்கு ஒழுகாத கூரை போட்டுக் கொடுக்க அவர்களுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது!

திங்கட்கிழமை வந்ததும் நிலைமை முற்றிவிட்டது. பேராலயம் காலையில் திறக்கவில்லை, பிற்பகலில்தான் திறக்கும். ஊரின் அடையாளமான பெருங்கடிகாரத்தின் கோபுரத்தில் ஏறிப் பார்க்கலாம் என்றால் திங்கள் விடுமுறை. ஜோன் ஆஃப் ஆர்க்கின் வரலாற்றுக் காட்சியகத்துக்கும் திங்கள் விடுமுறை. பழைய தேவாலயம் ஒன்றுக்குள் இரும்பு வேலைப்பாடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் அருமையான காட்சிச்சாலை இரண்டு மணிக்குத்தான் கதவு திறக்கும். ஞாயிறு இரவும் திங்களும் உணவகங்களில் பாதிக்கு மேல் கதவை இழுத்துச் சாத்திவிடுகின்றன. தொழிலாளருக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 1906-இல் சட்டம் இயற்றிய நாடு அது. அந்த ஓய்வை நான் மதிக்கிறேன், என் அலுவலகத்துக்கும் அந்தப் பண்பு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆனால் ஓய்வு எடுப்பவர்கள் தனித்தனி மனிதர்கள்தாமே, ஏன் ஊரிலுள்ள கட்டடங்களெல்லாம் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் ஓய்வெடுக்க வேண்டும்? கோபுரம் திங்களன்றும் காட்சியகம் புதனன்றும் மூடினால் யாருடைய உரிமை பறிபோய்விடும்?

திங்களன்று என்னைக் காப்பாற்றியது நுண்கலை அருங்காட்சியகம் மட்டுமே. பத்து மணிக்குத் திறந்தது, நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை, உள்ளே கதகதப்பாக இருந்தது, எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. 1909-இல் நிலக்கரி வணிகர் பிரான்சுவா தெப்போ அளித்த ஓவியங்களில் ஒன்றாக, மோனே தீட்டிய ரூவான் பேராலய முகப்பு அங்கே மாட்டப்பட்டிருக்கிறது. அதுவும் மப்பும் மந்தாரமுமான நாளின் முகப்பு. மோனே அந்த வரிசையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டினார். 1892, 1893 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, அதாவது குளிர் முழுதாக விலகாத பருவத்தில்தான் வந்து தங்கினார். ஆனால் அவர் மழையில் நின்று வரையவில்லை. பேராலயத்துக்கு எதிர்ப்புறக் கட்டடங்களில் அவருக்குச் சன்னல் கிடைத்தது. பெண்களுக்கான உடைகளை விற்கும் ஒரு கடையில்கூட இடம் கொடுத்திருக்கிறார்கள். தனியாக வந்த ஒருவருக்குக் கூரையும் சன்னலும் கொடுத்ததால்தான் இந்த ஊர் இன்றுவரை அந்த ஓவியங்களின் பெயரைச் சொல்லிச் சுற்றுலாப் பயணிகளை அழைத்துக்கொண்டிருக்கிறது. எதிர்ச் சாரியில் இன்று ஒரு மணி நேரம் காசு கொடுத்தாவது உட்கார ஒரு சன்னலோரத்தை நானும் தேடினேன், கிடைக்கவில்லை.

ஆறு மணிக்கு அருங்காட்சியகம் நம்மை வெளியே அனுப்பிவிடுகிறது. ஏழு மணிக்கு முன்னால் எந்தச் சமையலறையும் உயிர்பெறுவதில்லை, அன்று ஏழு மணிக்குப் பிறகும் பெரும்பாலானவை உயிர்பெறவில்லை. கடைசியில் வெள்ளைக் குழல்விளக்கு எரியும் ஒரு கெபாப் கடையில் ஒதுங்கினேன். “சாலட், தக்காளி, வெங்காயம்?” என்பதற்கு மேல் கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்த பலகையில் உயரமான முக்காலிகள் நான்கைந்து போட்டிருந்தார். சுவரோரம் ஒரு பலகை, அதற்கு நான்கு முக்காலி, நாள் முழுவதும் எரியும் ஓர் அடுப்பு. அந்தச் சிறிய கடைக்காரருக்குக் கட்டுப்படியாகும் இந்த ஏற்பாடு, சதுக்கத்தைச் சுற்றியிருக்கும் பெரிய உணவகங்களுக்கு ஏன் கட்டுப்படியாகவில்லை?

“முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போயிருக்கலாமே” என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: விசாரித்துக்கொண்டுதான் போனேன். கதவு மூடியிருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதால் கதவு திறந்துவிடாது. எனக்குக் கிடைத்த விடுப்பு ஞாயிறும் திங்களும்தான், அந்த இரண்டு நாட்களுக்கும் விடுதி என்னிடம் முழுப் பணத்தைத்தான் வாங்கியது. நீங்கள் தனியாகப் போவதாக இருந்தால் புதன் முதல் சனி வரை போங்கள். செவ்வாய் வேண்டாம், அன்றைக்கு அந்த நுண்கலை அருங்காட்சியகத்துக்கும் விடுமுறை.