சம்பளத்தை விட்டுவிட்டுப் படிக்க வருகிறவருக்கு வழி எங்கே?

முப்பது வயதுக்கு மேல் முழுநேரமாகக் கல்லூரிக்குப் போகப் போகிறேன் என்று சொன்னால், “பீஸ் எவ்வளவு?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அரசுக் கல்லூரியில் பீஸ் பெரிய சுமையே இல்லை. மாதச் சம்பளம் நின்றுபோவதுதான் சுமை. பதினெட்டு வயதுப் பிள்ளை படிக்கப் போனால் வீட்டில் உலை வழக்கம்போல் கொதிக்கும். என்னைப் போன்றவர் போனால் உலையே நின்றுவிடும்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். பி.காம். முடித்தவன். சட்டம் படிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அஞ்சல் வழியில் படியுங்கள் என்று அக்கறையோடு சொல்கிறார்கள். வேறு பட்டங்களுக்கு அது சரி. அஞ்சல் வழியில் சட்டம் படித்தவர் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. நம் ஊரிலேயே 1996 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, மூன்றாண்டுப் படிப்பும் இருக்கிறது. ஆனால் வகுப்பில் உட்கார வேண்டும்.

கல்விக் கடன் வாங்கலாமே என்பார்கள். 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை இல்லாமல் கிடைக்கும், படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை கட்டத் தொடங்கலாம். ஆனால் அது கட்டணம், புத்தகம், விடுதி போன்றவற்றுக்கான பணம். வீட்டு வாடகைக்கும் பிள்ளையின் பால் செலவுக்கும் எந்த வங்கியும் கல்விக் கடன் தராது. மனைவியின் நகையை அடகு வைத்துப் படிப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். நோய்நொடி வந்தால் அவளுக்கு இருக்கும் ஒரே காப்பு அதுதான்.

பி.எஃப். விதியை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை. நெடுங்காலம் நடைமுறையில் இருந்த 68-கே பிரிவு என்ன சொன்னது? ஏழு ஆண்டு உறுப்பினராக இருந்தவர் தம் பங்கில் பாதி வரை எடுக்கலாம். தம் கல்யாணத்துக்கு எடுக்கலாம், உடன்பிறந்தவர் கல்யாணத்துக்கு எடுக்கலாம், மகன் மகள் கல்யாணத்துக்கும் படிப்புக்கும் எடுக்கலாம். தம் சொந்தப் படிப்புக்கு எடுக்க முடியாது. நம் வியர்வையில் சேர்ந்த பணம் இது! ஊரும் அப்படித்தான் நினைக்கிறது. “இந்த வயதில் எதற்கு அண்ணாச்சி?” என்று என்னைக் கேட்கிறவர்கள், தங்கை கல்யாணத்துக்கு நான் கடன் வாங்கியபோது ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு இப்படி இடையில் பணம் எடுப்பதற்கான பிரிவுகளையெல்லாம் மூன்றாகச் சுருக்க முடிவெடுத்தது. உறுப்பினரின் சொந்தப் படிப்பும் அதில் ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதப்பட வேண்டும்.

முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றும் பெண்களுக்கும் இதே கதைதான். தொழிலாளர் நல நிதியிலிருந்து அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை வருகிறது, நல்லது. பாதியில் படிப்பை விட்டுப் பீடித் தட்டை மடியில் ஏந்திய அந்தத் தாய் தானே படிக்க வந்தால் அவள் பெயருக்கு அந்த உதவி கிடையாது. அரசு ஊழியருக்காவது படிப்பு விடுப்பு என்று ஒன்று இருக்கிறது.

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமையில் உழைத்துச் சாப்பிடுகிறவருக்கும் பங்கு வேண்டும். பணமாகத் தர முடியாவிட்டால் நேரமாகத் தாருங்கள். அரசுக் கலைக் கல்லூரிகளில் இரண்டு ஷிப்ட் நடத்த முடிகிறதே! சட்டக் கல்விக்கு விதி வகுக்கும் பார் கவுன்சிலின் 2008 விதிகள் காலை 8 மணி முதல் மாலை 7 மணிக்குள் சட்ட வகுப்புகளை நடத்த இடம் தருகின்றன. காலை எட்டு மணிக்குத் தொடங்கி மதியம் ஒன்றரைக்கு முடியும் ஒரு பிரிவை அரசு சட்டக் கல்லூரியில் திறந்தால் போதும். எங்கள் கடை மூட இரவு ஒன்பதரை ஆகும். இரண்டு மணிக்குக் கடைக்கு வந்து அரைச் சம்பளத்துக்கு வேலை பார்க்க நான் தயார், முதலாளியும் சம்மதித்திருக்கிறார்.