71ஆம் இடம் எதைச் சொல்கிறது?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 6 பதக்கங்கள் பெற்ற இந்தியா 71ஆம் இடத்திலும், ஈட்டி எறிதலில் அர்ஷத் நதீம் வென்ற ஒரே தங்கத்தோடு பாகிஸ்தான் 62ஆம் இடத்திலும் நிற்பதைக் காட்டி, நாம் அண்டை நாட்டிடம் தோற்றுவிட்டதாக ஒரு கட்டுரையாளர் தம் கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. தங்கத்தை முதலில் எண்ணி, அது சமமானால் மட்டுமே வெள்ளியையும் வெண்கலத்தையும் பார்க்கும் முறையில் நம்முடைய 1 வெள்ளிக்கும் 5 வெண்கலத்திற்கும் ஒரு தங்கத்தின் முன் மதிப்பே இல்லை. டோக்கியோவில் 7 பதக்கங்களுடன் 48ஆம் இடத்தில் இருந்த நாம் இவ்வளவு கீழே இறங்கியதற்கும், நீரஜ் சோப்ராவின் தங்கம் இம்முறை வெள்ளியானதே முதன்மைக் காரணம்.

எங்கள் காரைக்குடிப் பக்கத்துப் பள்ளி விளையாட்டு விழாக்களில் வழக்கமாக உள்ள 5, 3, 1 என்னும் புள்ளிக் கணக்கைப் போட்டால் இந்தியாவுக்கு 8, பாகிஸ்தானுக்கு 5 வருகிறது. இதுவே சரியான கணக்கென்று நான் வாதிடவில்லை. முறையை மாற்றினால் வரிசை தலைகீழாகிறது என்பதைத்தான் சுட்டுகிறேன். 2008 பெய்ஜிங் போட்டியில் தங்கத்தில் சீனா முந்தியிருந்தும், மொத்தப் பதக்கங்களை எண்ணிய அமெரிக்க ஊடகங்கள் தம் நாட்டையே முதலிடத்தில் வைத்தன (யாருக்கு எது வசதியோ அது!). ஒலிம்பிக் சாசனமோ, போட்டி வீரர்களுக்கிடையே நடப்பதே அன்றி நாடுகளுக்கிடையே அன்று என்கிறது.

கட்டுரை தொடாத இன்னொன்றும் உண்டு. ஹாக்கியில் ஓர் அணி முழுவதும் பாடுபட்டுப் பெறும் வெண்கலம் பட்டியலில் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. நீச்சலிலோ மைக்கேல் ஃபெல்ப்ஸ் பெய்ஜிங்கில் 8 தங்கங்களில் பங்குபெற்றார். எந்த விளையாட்டில் எத்தனை பிரிவுகள் என்பதே பாதி வரிசையைத் தீர்மானித்துவிடுகிறது.