இரண்டு காதிலும் காக்ளியர் கருவி இருந்தால் திசை அப்படியே தெரியுமா?

"இரண்டு காதிலும் காக்ளியர் இம்பிளான்ட் வைத்துவிட்டால் சத்தம் வரும் திசை மற்றவர்களைப் போலவே தெரியும், பிள்ளையைத் தைரியமாகத் தனியே ரோட்டில் விடலாம்" என்று கடலூர் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. (காக்ளியர் இம்பிளான்ட் என்பது, காது சரியாகக் கேட்காதவர்களுக்கு ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தி, மின்துடிப்பால் கேட்கும் நரம்பைத் தூண்டும் கருவி.) இது தவறு. நம்பினால் ஆபத்து.

ஒரு காதில் மட்டும் வைத்தவர்களைவிட இரண்டு காதிலும் வைத்தவர்களுக்குத் திசை நன்றாகவே பிடிபடும், அதில் சந்தேகமில்லை. இடமா வலமா என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் இயல்பாகக் காது கேட்பவர்கள் சில டிகிரிக்குள் சொல்லும் இடத்தில், இவர்களுக்குச் சராசரியாக 20, 30 டிகிரி பிசகும்.

வலப்பக்கச் சத்தம் வலது காதைக் கொஞ்சம் முன்னதாக எட்டும். அந்த வித்தியாசம் அதிகபட்சம் சுமார் 0.7 மில்லி விநாடிதான். இயல்பாகக் காது கேட்பவரின் மூளை முக்கியமாக இதை வைத்துத்தான் திசையைக் கணக்குப் போடுகிறது. இரண்டு கருவிகளும் பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒத்திசையாமல், தனித்தனியாக மின்துடிப்பு அனுப்புவதால் இந்த நுண்ணிய வித்தியாசம் தொலைந்துபோகிறது. மிஞ்சுவது, பெரும்பாலும் எந்தக் காதில் சத்தம் கூடுதல் என்பதுதான். பெரிய சத்தத்தைக் கருவி தானாகக் குறைக்கும்போது அதுவும் மழுங்கிவிடும். மைக் பெரும்பாலும் காதுமடலுக்கு மேலே இருப்பதால் முன்னாலா பின்னாலா என்பதும் குழம்பும்.

கடலூர் லாரன்ஸ் ரோட்டில் பின்னால் பஸ் ஹாரன் அடித்தால் பிள்ளை முன்னால் பார்க்கலாம். கவனமில்லை என்று திட்டாதீர்கள், பாவம். தலையைத் திருப்பிக் கேட்கவும், இரு பக்கமும் கண்ணால் பார்த்தே கடக்கவும் பழக்குங்கள். அதற்காக இரண்டாவது கருவி வீண் என்று நினைத்துவிட வேண்டாம். இரைச்சலில் பேச்சு புரிய அது பெரிய உதவி.